ஊர் சுற்றிய வெள்ளிக்காசு

காசு என்றால் அதில் ஒரு தலை இருக்கும். தெருவில் பிள்ளைகள் 'தலையா, பூவா' என்று சுண்டிவிடும்போது அது யார் தலை என்று யாரும் கேட்பதில்லை. விக்டோரியா ராணி, எட்வர்டு, ஜார்ஜ் என்று பழைய வெள்ளி ரூபாய்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஆள்பவரின் முகம் காசில் இருப்பது இயல்பாகவே தெரிகிறது. ரோமாபுரிச் சிறுவர்களும் காசைச் சுண்டினார்கள். அவர்கள் கேட்டது 'தலையா, கப்பலா'. அந்த வெண்கலக் காசில் ஒரு பக்கம் இரட்டை முகம் கொண்ட ஜானஸ் தெய்வம், மறுபக்கம் கப்பலின் முன்பகுதி. தலை தெய்வத்தினுடையது. மூச்சு விடும் மனிதன் ஒருவன் தன் தலையைக் காசில் பொறித்திருந்தால், அரசனாகத் துடிக்கிறான் என்றே அன்றைய ரோம் எடுத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கூச்சத்தை உடைத்த காசு தெனாரியம். விவிலியம் படிப்பவர்களுக்குப் பெயர் தெரியும். திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுக்க உழைத்தவனுக்குப் பேசிய கூலி ஒரு தெனாரியம். பழைய மொழிபெயர்ப்பில் 'ஒரு பணம்'. நம் ஐம்பது பைசா அகலம், நான்கு கிராமுக்குச் சற்று முன்பின் எடை. இந்தச் சிறு வெள்ளித்துண்டு கோயம்புத்தூர் வரை வந்தது, இங்கிலாந்தின் கணக்கேடுகளில் 1971 வரை ஒட்டிக்கொண்டிருந்தது, கிரீன்லாந்துப் பனியில்கூடத் தடம் விட்டிருக்கிறது.

அது பிறக்கக் காரணமானவர் ரோமின் பரம எதிரி. யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கிய ஹன்னிபால் ஆண்டுக்கணக்கில் நாட்டைச் சூறையாட, ரோமின் கருவூலம் வற்றியது. வெண்கலக் காசின் எடை இளைத்துக்கொண்டே போனது. அப்போது புழங்கிய வெள்ளிக்காசில் கலப்படம் ஏறியது. கி.மு. 212இல் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரம் ரோமர் கையில் விழுந்தது. ஆர்க்கிமிடீஸ் வெட்டுண்டு இறந்ததும் அப்போதுதான். நகரத்தின் செல்வம் ரோமுக்குக் கப்பலேறியது. ஏறத்தாழ கி.மு. 211இல் புதுக்காசு வெளிவந்தது. முகப்பில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி, பின்புறம் குதிரையில் பாயும் இரட்டைத் தெய்வங்கள். தேவியின் பிடரிக்குப் பின்னால் பெருக்கல் குறி போன்ற ஓர் எழுத்து, ரோமானிய எண்ணில் பத்து. பத்து வெண்கலக் காசுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று பொருள்.

இந்தத் தேதி கிடைத்த கதை தனிச்சுவை. ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.மு. 269 என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பெரியவர் சொல்லாயிற்றே, அறிஞர்கள் நெடுங்காலம் அதையே சுற்றிச் சுற்றி வாதாடினார்கள். சிசிலியில் மொர்கன்டினா என்றொரு சிற்றூர் ஹன்னிபால் பக்கம் சாய்ந்ததற்காக கி.மு. 211இல் ரோமரால் நொறுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க அகழாய்வாளர்கள் அந்த இடிபாட்டைத் தோண்டியபோது, அழிவின் அடுக்குக்குள்ளேயே தேயாத புதுக்காசுகள் கிடைத்தன. பிளினிக்கு அறுபது ஆண்டு பிசகியிருந்தது. ஓர் ஊர் எரிந்ததால் ஒரு காசின் பிறந்த ஆண்டு நமக்குத் தெரிகிறது.

புதுக்காசுக்கு வெள்ளி வேண்டும். கி.மு. 209இல் ஸ்பெயினின் புதிய கார்த்தேஜ் நகரை ரோமத் தளபதி ஸ்கிபியோ பிடித்தபோது அதன் சுரங்கங்களும் சேர்ந்து வந்தன. அங்கே 40,000 பேர் உழைத்தார்கள், நாளொன்றுக்கு 25,000 திரக்மா மதிப்புள்ள வெள்ளி எடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குச் சொல்கிறார். உலைப்புகையோடு ஈயமும் வானேறியது. அதைப் பிறகு பார்ப்போம்.

அக்கசாலையை நடத்தியவர்கள் அரசியலில் முதல் படியேறும் இளைஞர்கள், ஆண்டுக்கு மூவர். ரோமா தேவியும் குதிரைகளும் அவர்களுக்கு விரைவில் அலுத்துவிட்டன. தாத்தா வென்ற போர், கொள்ளுத்தாத்தா கட்டிய கால்வாய் என்று குடும்பப் பெருமையைப் பின்புறத்தில் பொறிக்கத் தொடங்கினார்கள். கி.மு. 113 வாக்கில் லிகினியஸ் நெர்வா என்பவர் போட்ட காசில் ஒருவன் வாக்குச்சீட்டு வாங்குகிறான், இன்னொருவன் பெட்டியில் போடுகிறான். தேர்தல் காட்சி பதிந்த காசை இன்றைய ஜனநாயகங்களில்கூட அதிகம் பார்க்க முடியாது.

கள்ளக்காசும் உடன்பிறப்பாக வந்தது. செம்புத் துண்டின்மேல் வெள்ளித் தகட்டைப் போர்த்தி அடிப்பார்கள். தேயும்போதுதான் குட்டு வெளிப்படும். கி.மு. 85இல் மாரியஸ் கிராட்டிடியானஸ் என்ற அதிகாரி காசைச் சோதிக்க முறை வகுத்து ஆணையிட்டார். மக்கள் மகிழ்ந்து தெருவுக்குத் தெரு அவருக்குச் சிலை வைத்தார்கள். சில ஆண்டுகளில் எதிர்த்தரப்புத் தளபதி சுல்லா அதிகாரத்துக்கு வந்ததும் அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள், சிலைகளும் போயின. காசைச் சீர்செய்தவருக்கு இப்படியொரு முடிவு வேறெங்கும் வாய்த்திருக்கிறதா என்று எனக்கு நினைவில்லை.

கி.மு. 54இல் அக்கசாலை இளைஞர்களில் ஒருவர் தம் காசின் ஒரு பக்கத்தில் சுதந்திர தேவியையும், மறுபக்கத்தில் ரோமின் கடைசி அரசனை விரட்டிய மூதாதையையும் பொறித்தார். முடியாட்சி எம் குலத்துக்கு ஆகாது என்பதுதான் சேதி. அவர் பெயர் புரூட்டஸ். பத்தாண்டு கழித்து, கி.மு. 44இன் தொடக்கத்தில், ஜூலியஸ் சீசரின் தலை தெனாரியத்தில் வந்தது: மெலிந்த கழுத்து, சுருங்கிய கன்னம், வழுக்கையை மறைக்க உதவிய இலைவளையம். உயிரோடு இருக்கும் ரோமன் ஒருவனின் முகம் ரோமின் காசில் ஏறியது அதுவே முதல்முறை. 'நிரந்தர சர்வாதிகாரி' என்று சுற்றிலும் எழுத்து. நிரந்தரம் மார்ச் 15 வரைதான் நீடித்தது.

சீசரைக் குத்திய புரூட்டஸ் கிழக்கே ஓடிப் படை திரட்டினார். படைக்குச் சம்பளம் வேண்டுமே, கி.மு. 42 வாக்கில் காசு அடித்தார். பின்புறம் இரண்டு குத்துவாள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே மார்ச் 15ஐக் குறிக்கும் எழுத்து. சரி, முகப்பில்? புரூட்டஸின் தலை. காசில் முகம் போட்டவனை முடியாட்சிக்குத் தாவுகிறான் என்று கொன்றவர் இரண்டே ஆண்டில் தாமும் காசில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ தம் நூலில் நின்று நிதானித்து வர்ணித்த மிகச் சில காசுகளில் இது ஒன்று.

மார்க் ஆண்டனியும் கிளியோபாத்ராவும் கடைசிப் போருக்கு ஆயத்தமானபோது அடித்த காசுகளில் வெள்ளி குறைவு. ஒவ்வொரு படைப்பிரிவின் எண்ணும் பொறித்த அந்தக் காசு ஆண்டனி தோற்ற பிறகும் சாகவில்லை. நல்ல வெள்ளியை எல்லோரும் பதுக்கினார்கள், உருக்கினார்கள். மட்டமான ஆண்டனி காசை யாரும் பதுக்கவில்லை. கை மாறிக்கொண்டே இருந்தது. இருநூறு ஆண்டு கழித்துப் புதைத்த குவியல்களிலும் அது மழமழவென்று தேய்ந்து கிடக்கிறது. தரம் குறைந்ததே அதற்கு நீண்ட ஆயுளாக வாய்த்தது.

வென்ற அகஸ்டஸுக்குக் காசின் வலிமை நன்றாகப் புரிந்திருந்தது. எழுபத்தைந்து வயதில் இறந்தார். காசில் மட்டும் கடைசிவரை முப்பது தாண்டாத வாலிபர். இன்றைய சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. வாரிசுகளாகத் தத்தெடுத்த பேரன்கள் கயஸ், லூசியஸ் இருவரும் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் காசை கி.மு. 2 முதல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் ஏராளமாக அடித்தார்கள். லூசியஸ் கி.பி. 2இலும் கயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். அரியணையைத் தொடாத அந்த இரண்டு பிள்ளைகளும் கொங்கு நாட்டு மண்ணில் வந்து கிடக்கப் போகிறார்கள்.

அடுத்து வந்த திபேரியஸ் காசு விஷயத்தில் சோம்பேறி. முகப்பில் தம் தலை, பின்புறம் அமர்ந்திருக்கும் ஒரு பெண், தலைமைப் பூசாரி என்ற பட்டம். இருபத்திரண்டு ஆண்டு ஆட்சியில் பெரும்பாலும் இதே அச்சு. சீசருக்கு வரி கட்டலாமா என்று இயேசுவை மடக்கப் பார்த்தவர்கள் எடுத்துக் காட்டிய காசு இதுதான் என்பது பொதுவான கருத்து. இதில் இருக்கும் உருவம் யாருடையது என்று அவர் கேட்ட கேள்விக்கு, தலை போட்ட காசு இல்லையென்றால் இடமே இல்லை.

இனி பயணம். மிளகும் முத்தும் பச்சைக்கல்லும் வாங்க ரோம வணிகன் அலெக்சாந்திரியாவில் இறங்குவான். வேடிக்கை என்னவென்றால் எகிப்துக்குள் தெனாரியம் செல்லாது. அந்த மாகாணத்துக்குத் தனிக்காசு. நைல் நதியில் ஏறி, கொப்டோஸிலிருந்து ஒட்டகப் பாதையில் செங்கடல் துறையான பெரனிகேவுக்குப் போய், தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்தால் சேரரின் துறைமுகமான முசிறி. இத்தாலியில் செல்லுபடியாகி, எகிப்தில் செல்லாமல் கடந்து, சேர நாட்டில் மீண்டும் மதிப்புப் பெற்றது அந்தக் காசு. யவனர் கப்பல்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூறு பாடுகிறது. புலவருக்குப் பொன்தான் கண்ணில் பட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் வந்ததில் வெள்ளியும் குறைவில்லை.

கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த பானையில் 522 தெனாரியம். உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946இல் 1,398. தெலங்கானாவின் அக்கன்பள்ளியில் 1,531. பொள்ளாச்சி, கரூர் என்று பட்டியல் நீள்கிறது. பச்சைக்கல் வெட்டிய படியூரும் அதைப் பட்டை தீட்டிய கொடுமணலும் இதே வட்டாரம் என்பது தற்செயல் அல்ல. தென்னிந்தியப் புதையல்களில் பெரும்பங்கு இரண்டே அச்சுகள்: அகஸ்டஸின் பேரன்கள், திபேரியஸின் அமர்ந்த பெண். நமக்குப் பழகிய அச்சையே கொடு, புதிய படம் வேண்டாம் என்று கொங்கு நாட்டு வணிகர் கறாராக நின்றிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

அந்தக் கறார்த்தனத்துக்கு ஓர் அரசனே சாட்சி. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகாமஸின் ஆள் ஒருவன், விடுதலை பெற்ற அடிமை, அரேபியக் கரையோரம் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையில் கரை ஒதுங்கினான் என்று பிளினி எழுதுகிறார். அரசன் அவனை ஆறு மாதம் வைத்து விருந்தோம்பினான். அவனிடம் பறித்த பணத்தில் இருந்த தெனாரியங்களைப் பார்த்த அரசன் அசந்துபோனான். முகங்கள் வெவ்வேறு, ஆகவே வெவ்வேறு ஆட்சிகளில் அடித்தவை. ஆனால் எல்லாம் ஒரே எடை! இப்படி நேர்மையானவர்களோடு நட்பு வேண்டும் என்று கிளாடியஸ் மன்னரிடம் நான்கு தூதர்களை அனுப்பினான். கட்டுக்கதை மாதிரி இருக்கிறதே என்றால், எகிப்தின் கிழக்குப் பாலைவனப் பாறை ஒன்றில் பிளோகாமஸின் இன்னோர் அடிமை லைசாஸ் என்பவன் கி.பி. 6இல் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். குத்தகைக்காரர் குடும்பம் உண்மை. இலங்கை மன்னனுக்கு முகங்கள் வெறும் தேதிமுத்திரை. அவன் பார்த்தது தராசை.

ரோமிலோ புலம்பல். பெண்களின் இரத்தினங்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறதே என்று கி.பி. 22இல் செனட்டுக்குக் கடிதம் எழுதினார் திபேரியஸ். அப்படிப் போன பணத்தில் பெரும்பகுதி அவர் முகத்தோடுதான் போனது. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்றார் பிளினி. நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியம். ஒழுக்கம் பேசுகிறவர் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கும் என்று தள்ளிவிடலாம். ஆனால் 1985இல் வெளியான முசிறிப் பாப்பிரஸ் கொஞ்சம் யோசிக்க வைத்தது. இரண்டாம் நூற்றாண்டுக் கடன் பத்திரம் அது, இப்போது வியன்னாவில் இருக்கிறது. முசிறியிலிருந்து திரும்பிய ஹெர்மபொல்லோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். அன்றைய சம்பளத்தில் சுமார் 5,800 படைவீரர்களுக்கு ஓராண்டு ஊதியம். அரசுக்கு அதில் நாலில் ஒரு பங்கு சுங்கம் வேறு.

கி.பி. 64இல் ரோம் எரிந்தது. நகரைப் புதுப்பிக்கவும் தமக்குப் பொன்மாளிகை எழுப்பவும் நீரோவுக்குப் பணம் போதவில்லை. ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு அடித்த இடத்தில் 96 அடிக்கச் சொன்னார், செம்பும் சேர்த்தார். அவர் கழுத்து காசுக்குக் காசு பருத்துக்கொண்டே போவதையும், காசு மட்டும் இளைப்பதையும் அருங்காட்சியக அடுக்கில் வரிசையாகப் பார்க்கலாம். ஊருக்குள் கொஞ்ச நாளில் பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் ஏமாறவில்லை. தென்னிந்தியப் புதையல்களில் இந்தச் சீர்கேட்டுக்குப் பிந்தைய தெனாரியம் அரிது. கி.பி. 98இல் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியர் பற்றி எழுதும்போது, எல்லையோர மக்கள் ஓரத்தில் பல்வெட்டு உள்ள காசையும் இரட்டைக் குதிரைத் தேர் போட்ட காசையும்தான் வாங்குகிறார்கள் என்கிறார். அவை பழைய குடியரசுக் காலத்தவை. ரைன் நதிக்கரை வேட்டுவனும் கொங்கு நாட்டு வணிகரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. இரண்டு பேரும் எடுத்த முடிவு ஒன்று. கி.பி. 107இல் பேரரசர் டிராஜன் தேய்ந்த பழங்காசுகளைத் திரட்டி உருக்கச் சொன்ன பிறகு அந்த நல்ல வெள்ளி கிடைப்பதே அரிதாகிவிட்டது.

சிலர் எடையைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், வேறு சிலருக்கு முகத்தின்மேல் மோகம். குஷாண அரசின் நிறுவனர் குஜூல கட்பிசஸ் முதல் நூற்றாண்டில் அடித்த செம்புக்காசு ஒன்றில் அகஸ்டஸ் சாயலில் ஒரு தலை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மறுபக்கம் ரோம அதிகாரிகளின் மடக்கு நாற்காலி. மகாராட்டிரத்தின் தேர், தெலங்கானாவின் கொண்டாப்பூர், கர்நாடகத்தின் சந்திரவள்ளி ஆகிய ஊர்களில் திபேரியஸ் காசைக் களிமண்ணில் அச்செடுத்து, கோக்கக் காது வைத்துக் கழுத்தில் அணிந்தார்கள். சிலவற்றில் பொன்பூச்சின் மிச்சம் இருக்கிறது. ரோமச் சக்கரவர்த்தி தக்காணத்தில் கவரிங் நகையானார்.

சேரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் பக்கவாட்டில் ஓர் ஆண் தலை. தலைக்கு மேலே தமிழ்ப் பிராமியில் 'மாக்கோதை'. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை வெளியிட்டபோது தமிழக நாணய வரலாற்றில் ஒரு புதுப்பக்கம் திறந்தது. வில், மீன், புலி என்று சின்னம் பொறித்துப் பழகிய நாட்டில் அரசனின் முகமும் பெயரும்! 'குட்டுவன் கோதை' என்று பெயர் பொறித்த இன்னொரு காசும் உண்டு. மிளகு விற்று வந்த தெனாரியத்தைக் கையில் புரட்டிப் பார்த்த ஒருவருக்கு, நம் முகத்தையும் ஏன் போடக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. வெறும் நகல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எழுத்து நம்முடையது, முகம் நம்முடையது, யோசனை மட்டும் கடன். இதற்கு நேரெதிர் புதுக்கோட்டை. 1898இல் அங்கே கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் முகத்தில் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். எடை குறையவில்லை, முகம் மட்டும் செல்லாதாயிற்று.

ரோமில் முகங்கள் வேகமாக மாறின. கி.பி. 69இல் மூன்றே மாதம் ஆண்ட ஓதோவின் பொய்முடிகூட வரிவரியாகக் காசில் பதிந்திருக்கிறது. வெஸ்பாசியன் உழவன் முகம். ஹாட்ரியன் வந்ததும் தாடி நாகரிகமானது. சிரியாவில் பிறந்த அரசி ஜூலியா டோம்னாவின் கொண்டை வகைகளை வைத்தே காசின் காலத்தைச் சொல்லிவிடலாம். 193இல் மெய்க்காவல் படை ஏலம்விட்ட அரியணையை எடுத்த டிடியஸ் ஜூலியானஸ் 66 நாள்தான் தாக்குப்பிடித்தார். அதற்குள் அவர் தலையும் காசில் ஏறிவிட்டது. முகத்துக்குப் பின்னே வெள்ளி கரைந்துகொண்டிருந்தது. செப்டிமியஸ் செவரஸ் படையின் ஊதியத்தை உயர்த்திக் காசில் பாதிக்குப் பாதி செம்பு சேர்த்தார். அவர் மகன் கரகல்லா 215இல் ஒன்றரைக் காசு எடையில் ஒரு புதுக்காசை அடித்து, இரண்டு என்று வைத்துக்கொள் என்றார். கதிர் முடி சூடிய அந்தத் தந்திரக் காசு தெனாரியத்தைத் தின்றுவிட்டது. 270 வாக்கில் அதிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளி இல்லை. செம்பின்மேல் ஒரு மினுக்கம், அவ்வளவே. முந்நூறு ஆண்டு முன்பு கள்ளக்காசு அடித்தவர்களின் வேலையை இப்போது அரசே எடுத்துக்கொண்டது.

301இல் பேரரசர் டயோக்ளீஷியன் எல்லாப் பொருளுக்கும் உச்ச விலை விதித்துக் கல்லில் வெட்டினார். விலையெல்லாம் தெனாரியத்தில். அப்படியொரு காசு அப்போது யார் கையிலும் இல்லை, கணக்குப் பெயராக மட்டும் உயிரோடிருந்தது. அகஸ்டஸ் காலத்தில் ஒரு ராத்தல் பொன் சுமார் ஆயிரம் தெனாரியம். அந்த ஆணையில் 72,000.

ஆறாம் நூற்றாண்டில் இலங்கையில் மீண்டும் ஒரு காட்சி. சோபத்ரோஸ் என்ற ரோம வணிகனும் ஒரு பாரசீகனும் அரசன் முன் நிற்கிறார்கள். யார் மன்னன் பெரியவன் என்ற சச்சரவு. பாரசீகன் வாய் ஓயவில்லை. சோபத்ரோஸ் காசுகளை எடுத்து வையுங்கள், பார்ப்போம் என்றான். ரோமன் வைத்தது பளபளக்கும் பொற்காசு, பாரசீகன் வைத்தது வெள்ளி. வெற்றி ரோமுக்கு. பயணி காஸ்மாஸ் எழுதிவைத்த இந்தக் கதையில் வெள்ளி எதிர்த்தரப்பில் நிற்கிறது. கான்ஸ்டன்டைன் காலம் முதல் ரோமின் கௌரவம் பொன்னுக்கு மாறியிருந்தது.

காசு செத்த பிறகு பெயர் புறப்பட்டது, அதுவும் உலோகம் மாறி. குப்தர் கல்வெட்டுகளில் பொற்காசுக்குப் பெயர் 'தீனாரா'. கலீபா அப்துல் மாலிக் 696 வாக்கில் உருவமே இல்லாத, எழுத்து மட்டும் கொண்ட பொற்காசை அடித்தார், அது தினார். தலையால் புகழ்பெற்ற காசின் பெயர் தலையே இல்லாத காசுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்தின் மெர்சியா நாட்டு அரசன் ஆஃபா, 774இல் அடித்த அப்பாசிய தினார் ஒன்றை நகலெடுத்தார். அவருடைய ஆட்களுக்கு அரபி தெரியாது. இஸ்லாமியக் கலிமாவை அழகு வேலைப்பாடு என்று நினைத்து அப்படியே வெட்டி, வரிகளுக்கு நடுவே 'ஆஃபா அரசன்' என்பதைத் தலைகீழாகப் பொறித்தார்கள். கிறிஸ்தவ அரசனின் அந்தக் காசு இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

வெள்ளிப் பக்கமும் வாரிசு இருந்தது. பிராங்கு அரசன் சார்லமேன் ஒரு ராத்தல் வெள்ளிக்கு 240 தெனியர் என்று வகுத்தார். 800இல் ரோமில் முடிசூடிய பிறகு தம் முகத்தையும் காசில் போட்டுக்கொண்டார், பழைய சீசர்களைப் போலத் தலையில் இலைவளையத்தோடு. அந்த 240 இங்கிலாந்துக்குப் போய் ஒரு பவுனுக்கு 240 பென்னி ஆனது. பென்னியைக் கணக்கேட்டில் குறிக்க ஆங்கிலேயர் எழுதியது தெனாரியத்தின் முதலெழுத்து. 1971 பிப்ரவரி 15 அன்று தசமக் கணக்கு வந்த பிறகே அந்த எழுத்து ஓய்ந்தது. குவைத், ஜோர்டான் தினார்களும் செர்பியாவின் தினாரும் இன்னும் ஓயவில்லை. வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம்மவர்கள் அதை நன்றாக அறிவார்கள்.

உருக்கத்தான் லாயக்கு என்றிருந்த பழங்காசைப் பொக்கிஷமாக்கியவர்களில் முன்னோடி கவிஞர் பெட்ரார்க். 1354இல் மாந்துவாவில் பேரரசர் நான்காம் சார்லஸைச் சந்தித்தபோது ரோமச் சக்கரவர்த்திகளின் பொன், வெள்ளிக் காசுகளைப் பரிசளித்தார். இவர்களைப் போல நடந்துகொள்ளுங்கள் என்ற அறிவுரையும் கூடவே. யாரும் பொருட்டாக எண்ணாத முகத்துக்கு இப்போது விலை வந்தது. வெள்ளியின் எடையை யார் கேட்டார்? 1517இல் ரோமில் ஆந்திரேயா புல்வியோ காசுகளைப் பார்த்து வரைந்த முகங்களைக் கொண்டு ஒரு நூல் அச்சிட்டார்.

முகத்துக்கு விலை வந்தால் போலியும் வரும். பதுவா நகரத்து ஜொவானி தா காவினோ செய்த நகல்களின் அழகில் மயங்கி மூலத்தைவிட அதையே விரும்பியவர்கள் உண்டு. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) நூற்றுக்கணக்கில் அச்சு வெட்டிப் பழங்காசு 'தயாரித்தார்'. புதுசு புதுசாகப் பளபளத்தால் யார் நம்புவார்கள்? இரும்புத்தூள் நிறைந்த பெட்டியில் காசுகளைப் போட்டுக் குதிரைவண்டியின் அடியில் கட்டி, மேடுபள்ளமான சாலையில் ஓட்டிக்கொண்டு போவாராம். என் கிழவர்களை உலாவ அழைத்துப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வாராம். அவருடைய அச்சுகள் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயின. பெக்கர் போலிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இப்போது தனிக்கூட்டம்.

அசல்கள் இன்னும் மண்ணிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. பல்கேரியாவின் ரேகா தேவ்னியாவில் 1929இல் அகப்பட்ட ஒரே குவியலில் ஏறத்தாழ ஒரு லட்சம் காசு, அநேகமாக எல்லாமே தெனாரியம். ஆண்டனியின் கலப்படக் காசும் அதில் உண்டு. ஆனால் மிக விசித்திரமான புதையல் கிரீன்லாந்தில். ஸ்பெயின் உலைகளில் வெள்ளியைப் பிரித்தபோது எழுந்த ஈயப்புகை காற்றோடு போய் அங்கே பனியில் ஆண்டுக்கோர் அடுக்காகப் படிந்தது. 2018இல் அறிவியலர் குழு ஒன்று கி.மு. 1100 முதல் கி.பி. 800 வரையிலான பனியை அளந்து வெளியிட்டது. போர்க்காலங்களில் ஈயம் சரிகிறது. அகஸ்டஸ் அமைதி கொண்டுவந்ததும் ஏறுகிறது, பேரரசின் முதல் இரு நூற்றாண்டுகளில் உச்சத்தில் நிற்கிறது, 165இல் பரவிய பெருங்கொள்ளைநோயோடு தடாலென்று விழுகிறது, அதற்குப் பின் பல நூற்றாண்டு எழவேயில்லை. அதே ஆண்டுகளின் காசுகளைப் புரட்டிப் பாருங்கள்: செழிப்புத் தேவி கொம்பு நிறையக் கனிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறாள்.